படம் தெளிவாகத்தான் இருந்தது

எனக்குக் கண்பார்வை நன்றாக இருக்கிறது. முதலில் அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சென்ற தை மாதத்தில் இரண்டு கண்களிலும் புரை நீக்கிக்கொண்டேன். செய்தித்தாளில் வரும் இரங்கல் அறிவிப்புகளின் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடியில்லாமல் வாசிக்கிறேன். என் தம்பி மகன் வழக்கறிஞன். அவன் நேற்று வந்து, "பெரியப்பா, வயசாச்சுது, கண்ணு செரியாத் தெரியல, டிவியில ஒண்ணும் வெளங்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான். மூன்று கூற்றுகளில் இரண்டு பொய். ஒரே வரியில் இவ்வளவு பொய்யை அடக்கத் தெரிந்தவன் அத்தொழிலில் முன்னுக்கு வருவான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வரியை எழுத என்னால் இயலாது.

காவல் ஆய்வாளர் அம்மையார் அவர்களே, இதை நானே என் கையால் எழுதித் தருவதற்கும் காரணம் உண்டு. நேற்று நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிய நான்கு வரிகளில் ஒன்பது பிழைகள் இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினேன். "இது வாக்குமூலமுங்க ஐயா, பரீட்சத் தாளு இல்லீங்க" என்றீர்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் கேட்ட கேள்விக்கு விடை எழுத வேண்டும். இரண்டையும் வேறொருவர் திருத்துவார். ஆகவே முறையாகவே எழுதுகிறேன். நீதிமன்ற நடுவர் முன்னிலையிலும் இதையே சொல்வேன்.

என் பெயர் வேங்கடசாமி. சோமனூரில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சுடர்மணி டிவியில் பதினாறு ஆண்டுகள். உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களிலும் கேபிளில் வரும் உள்ளூர்த் தொலைக்காட்சி. பீளமேட்டில் ஒரு கிரைண்டர் கடையின் மாடியில் அதன் நிலையம் இருக்கிறது. உரிமையாளர் அரங்கசாமி மோட்டார் பம்புக்கு வார்ப்படம் செய்கிற தொழிற்கூடம் வைத்திருப்பவர். அங்கே காலை ஏழரை மணிக்குச் 'சொல்வளம்' என்ற நேரலை நிகழ்ச்சி என்னுடையது. தேர்த் திருவிழா, குடமுழுக்கு, ஆடிப் பதினெட்டு ஆகியவற்றின் நேரலைக்கு வருணனையும் நானே.

அக்காலத்துக் கேமராக்களைப் பற்றி நன்றியோடுதான் சொல்ல வேண்டும். அவை எதையும் தெளிவாகக் காட்டியதில்லை. அமைச்சரானாலும் ஆடானாலும், மதுக்கரைச் சிமெண்டு லாரிக்குப் பின்னால் பத்து மைல் வண்டியோட்டி வந்தவரைப் போலவே திரையில் தெரிந்தார்கள். வருவது தேரா தண்ணீர் லாரியா என்று படத்தை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. நான் சொல்ல வேண்டும். 'தேர் அசைந்து வருகிறது' என்று நான் சொன்னால் மூன்று மாவட்டங்களிலும் தேர் அசைந்தது. நான் சொல்லும்வரை அது நின்றது. அதைத் தற்பெருமையாக எழுதவில்லை. அந்தப் படத்தின் தரம் அப்படி.

அந்த மங்கலுக்குப் பின்னால் நின்ற கேமராக்காரர் நாகூர் மீரான். கோட்டைமேட்டைச் சேர்ந்தவர், நாற்பத்தாறு வயது. பதினாறு ஆண்டுகளும் என் எதிரே நின்றார். அதாவது மூன்று மாவட்டங்களும் பார்க்கும் முன்னர் என்னைப் பார்த்தவர் அவரே. தம் மகள் நஸ்ரியாவை ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கணம் படிக்க என்னிடம் அனுப்பினார். அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். மீதி இரண்டு எங்கே போயிற்று என்று நான் கேட்டேன் என்பதற்காக, மறுநாள் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்து மீரான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அத்தகைய மனிதர். இதை நீங்கள் கேட்காமலேயே எழுதுகிறேன், நான் நேர்மையானவன் என்பதற்காக.

சென்ற ஆண்டு அரங்கசாமியின் மகன் சைதன்யா பெங்களூரிலிருந்து படிப்பையும் ஒரு தாடியையும் முடித்துக்கொண்டு வந்தார். வந்த வாரமே தந்தையிடம், "நைனா, ஊரே செல்போன்ல பளிச்சுனு பாக்குது. நம்ம சேனல் மட்டும் ஆவி புடிக்கற போர்வைக்குள்ள இருந்து பாக்கற மாதிரி இருக்குது" என்றார். அரங்கசாமிக்கு மகன் சொன்னது வேதம். மூன்றே மாதத்தில் நிலையம் மாறியது. என் முதுகுக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஓர் ஒளித்திரை. அதில் இரவும் பகலும் ஓர் அருவி. எதிரே மூன்று கேமராக்கள். தலைமயிரை எண்ணலாம் என்றார்கள். யார் எண்ணச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கேமராக்களுக்குப் பூசை நடந்தது. சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை. சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பதினாறு ஆண்டுகளில் எனக்கு அந்நிலையத்தில் ஒரு மாலையும் விழுந்ததில்லை என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். குறையாகச் சொல்லவில்லை. கேமராவுக்குக் கழுத்தில்லை, மாலை நழுவி நழுவி விழுந்தது, மீரான்தான் ஒவ்வொரு முறையும் எடுத்து மாட்டினார்.

புதிய படத்தில் முதல் நாள் நான் செய்ந்நன்றி பற்றிப் பேசினேன். இருபத்திரண்டு நிமிடம். பிறகு நேயர்களின் அழைப்பு. சூலூரிலிருந்து ராமாமணி என்ற அம்மையார். பன்னிரண்டு ஆண்டுகளாக என் நிகழ்ச்சிக்குத் தவறாமல் அழைப்பவர்.

"ஏனுங்க ஐயா, நல்லா இருக்கறீங்களா?"

"நலம் அம்மா. இன்றைய பொருள் பற்றி உங்கள் கருத்து?"

"அதெல்லாம் நல்லா இருந்துச்சுங்க. உங்க காதுக்குள்ள முடி இருக்குதுங்களே, இத்தன வருசமாத் தெரியவே இல்லீங்க பாருங்க!"

அடுத்து பல்லடத்துக்காரர் ஒருவர். "பல்லு கட்டுனதுங்களா ஐயா? பேசறப்ப சித்த அசையுதுங்க. எங்க பக்கத்துல நல்ல டாக்டர் இருக்கறாரு, நெம்பர் தரட்டுங்களா?" மூன்றாவதாக ஒரு குழந்தை. "தாத்தா, உங்க கை எதுக்கு ஆடிட்டே இருக்குது?" என்று கேட்டது. கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்தது. அந்தக் கையாலேயே அடுத்த அழைப்புக்குச் சைகை காட்டினேன். செய்ந்நன்றியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அழைத்த எல்லோரும் படம் பிரமாதம் என்றார்கள்.

மறுநாளிலிருந்து முகத்துக்கு மாவு பூசினார்கள். மாவு பூசியது தெளிவாகத் தெரிந்தது.

இங்கேதான் மீரான் எனக்கு ஓர் உதவி செய்தார். மனைவி நஃபீசாவின் பழைய துப்பட்டாவிலிருந்து மெல்லிய துண்டொன்றைக் கத்தரித்து, என் எதிரே இருந்த கேமராவின் கண்ணாடியில் கட்டினார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் நான் பழைய வேங்கடசாமியாகத் தெரிந்தேன். அழைத்தவர்கள் மறுபடியும் சொற்களைப் பற்றிக் கேட்டார்கள். நான் என் பேச்சு மேம்பட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

எட்டாம் நாள் சைதன்யா அதைக் கண்டுபிடித்தார். அரங்கத்தில் அப்போது பதினொரு பேர் இருந்தோம்.

"என்னண்ணா இது? தெளிவா இருக்கோணும்னுதான் இத்தனையும் பண்ணிப்போட்டு ஒக்காந்திருக்கறோம். நீங்க துணியக் கட்டி வெச்சிருக்கறீங்க!"

"ஐயாவுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதானுங்க தம்பி" என்றார் மீரான். "கை நடுங்கறது அப்பிடியே தெரியுதுங்க, பாவம்."

பாவம். அவர் சொன்ன சொல் அது. மாணவர்களைப் பற்றி நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். என்னைப் பற்றி வேறொருவர் பயன்படுத்தி நான் கேட்டது அதுவே முதல் முறை. மற்ற பத்துப் பேரும் என் கையைப் பார்த்தார்கள். மீரான் துணியை அவிழ்த்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை என்று அன்றைக்கே எனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் 'சொல்வளம்' நின்றது. அந்த நேரத்தில் 'குட் மார்னிங் கொங்கு' வந்தது. நடத்துபவர் ஷ்ரவ்யா, அரங்கசாமியின் தங்கை மகள். அவர் ழகரத்தைத் தீண்டுவதில்லை. ஆனால் அவர் காதுக்குள் முடி இல்லை. எனக்கு ஆறுதலாகச் சைதன்யா ஒரு தத்துவத்தையும் சொன்னார்: "ஐயா, இனிமே படமே பேசிக்குமுங்க. நாம சும்மா இருந்தாப் போதும்." இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அம்மையாரே. எனக்கு இடப்பட்ட கட்டளை இதுதான்.

என்னை அனுப்பிவிடவில்லை. மீரான் எனக்காகப் பேசினாராம். "ஐயாது இப்பத்தான் ஆபரேசன் பண்ணுன கண்ணுங்க, கழுகுக் கண்ணு. திருவிழான்னா வேன்ல ஒக்கார வெச்சு எனக்கு வழி சொல்லச் சொல்லுங்க. ஐயா சொன்னாங்கன்னா நான் கண்ண மூடிட்டு நடப்பேனுங்க" என்றாராம். அவ்வாறு, மூன்று மாவட்டங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவன் ஒரு மனிதரின் குதிகாலுக்கு வழி சொல்பவன் ஆனேன்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். ஊர்வலத்தைப் படமெடுப்பவர் அதன் முன்னே பின்னோக்கி நடக்க வேண்டும். முகம் ஊர்வலத்தைப் பார்க்கும். முதுகு போகிற திசையைப் பார்க்கும். பழைய கேமரா என்றால் தோளில் வைத்துக்கொண்டு அவ்வப்போது திரும்பிப் பார்ப்பார். புதியது அவ்வாறன்று. படம் ஆடாமல் இருப்பதற்காக ஒரு கவசத்தை உடம்பில் மாட்டி, அதிலிருந்து நீளும் இரும்புக் கையில் கேமராவைப் பொருத்துகிறார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு சிப்பம் சிமெண்டில் பாதி எடை. திரும்பினால் படம் திரும்பிவிடும். ஆகவே திரும்பக் கூடாது. அருகில் ஒரு மொட்டை மாடியில் ஆளில்லாத கேமரா ஒன்று இடம் முழுவதையும் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை நான் வேனுக்குள் பார்த்து, அவர் காதுக்குச் சொல்ல வேண்டும். அவரோ மற்றவர்களோ கேட்பது என் காதொலிப்பானில் விழும். பள்ளம் என்றால் பள்ளம். படி என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் 'நில்' என்பேன். அந்தச் சொல் வராதவரை அவருக்கு வழி உண்டு. இரண்டு தேரும் ஒரு குடமுழுக்கும் இவ்விதமே முடித்தோம். ஓரிடத்திலும் அவர் கால் தடுமாறவில்லை.

அந்த நிகழ்ச்சிகளுக்குப் பாராட்டு நிறைய வந்தது. படத்துக்கு.

இனி கொடுமுடி. ஆடிப் பதினெட்டு, காலை ஒன்பது மணி. தீர்த்தக்குடமும் முளைப்பாரியுமாகப் பெண்கள் கோயிலிலிருந்து இறங்கிக் காவிரிக்கு வருவார்கள். பெரிய படித்துறையில் கூட்டம் மிகுதி என்று, பக்கத்துச் சிறு படித்துறையில் படமெடுக்க எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. பெண்கள் நான்காம் படியோடு நிற்கும்படி காவல்துறையினர் கயிறு கட்டியிருந்தார்கள். கேமராவுக்கு மட்டும் கயிற்றின் நடுவே விட்ட இடைவெளி வழியாகக் கீழே இறங்க இசைவு. பெண்களின் முகமும் தலைமேல் முளைப்பாரியும் பின்னால் கோபுரமும் ஒரே படத்தில் வர வேண்டும் என்றார் சைதன்யா. அதற்கு மீரான் ஆற்றோரம்வரை இறங்கியாக வேண்டும்.

முந்தைய மாலை நானும் மீரானும் போய்ப் பார்த்தபோது தண்ணீருக்கு மேலே பதினொரு படிகள் இருந்தன. காலையில் தண்ணீர் ஏறி ஏழுதான் எஞ்சியிருந்தன. ஏழாவதை அலை தொட்டுத் தொட்டுப் போயிற்று. முந்தைய வாரத்து வெள்ளம் வடிந்தபோது அதில் படிந்த பாசி, நனைந்து, மெழுகியதுபோல் மின்னியது. இதை எப்படி அறிவேன் என்றால், வேனுக்குள் இருந்த திரையில் பார்த்தேன். பழைய கேமராவாக இருந்திருந்தால் படி எது, பாசி எது, தண்ணீர் எது என்று பிரித்தறிய இயலாது. நானும் இப்போது உங்கள் முன் உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்தப் படத்தில் பாசியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியே தெரிந்தது. பச்சையிலேயே இரண்டு வகை. நான் சைதன்யாவைப் பாராட்டக்கூடச் செய்தேன். "படம் மிகத் தெளிவு" என்றேன். "சொன்னேனுங்களே!" என்று மகிழ்ந்தார்.

புறப்படும் முன்னர் மீரானுக்குக் கவசம் மாட்டினோம். மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முதுகில் இரண்டு என நான்கு பூட்டுகள். முதுகுப் பூட்டுகளுக்கு அவர் கை எட்டாது. நான் மாட்டிவிட்டேன்.

"இறுக்கமாப் போடுங்க ஐயா, ஆடுச்சுன்னா தம்பி வைவாரு" என்று சிரித்தார். பிறகு, "எட்டுப் படி இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

"நான் எண்ணுகிறேன். நீங்கள் நடந்தால் போதும்" என்றேன்.

"அதுக்கென்னுங்க. நீங்க இருக்கறீங்க, அந்த நெனப்புலயே வாரேனுங்க."

ஊர்வலம் வந்தது. ஷ்ரவ்யா கரையில் நின்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வேளையாகப் பறையொலியில் கேட்கவில்லை. மீரான் பின்னோக்கி இறங்கினார். நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. குதிகாலைப் படியில் ஊன்றி, எடையை மாற்றி, அடுத்த காலை எடுக்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பிசகு ஒன்றுமில்லை. நான்கில் பெண்கள் நின்றார்கள். ஐந்து. ஆறு. ஆறில் 'நில்' என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

அவர் கால் பாசியில் பட்டதும் மேலே போயிற்று. முளைப்பாரியும் கோபுரமும் வானமும் திரையில் ஒரு சுற்றுச் சுற்றின, பிறகு பழுப்பு நிறம், பிறகு ஒன்றுமில்லை. ஆடாத படம் என்றார்கள். நன்றாகவே ஆடியது.

இந்த இடத்தில் என் எண்ணத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நான் விரும்பியது கேமரா நனைய வேண்டும் என்பதை மட்டுமே. படம் ஒரு முறை, ஒரே ஒரு முறை, இல்லாமல் போக வேண்டும். படமே பேசும் என்றார்களே, படம் வாயடைத்துப் போனால் இவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்று பார்க்க நினைத்தேன். ஓர் ஆசிரியர் வகுப்பில் செய்து காட்டும் எளிய சோதனையைப் போன்றது. மீரான் உக்கடம் பெரிய குளத்தில் நீந்தி வளர்ந்தவர். நனைந்து எழுந்து வருவார், எல்லோரும் சிரிப்பார்கள் என்று கணக்கிட்டேன்.

கவசத்தைப் பற்றி நினைக்கவில்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். நினைக்கவில்லை என்றேன். அது திருத்தப்பட வேண்டிய விடை. முதுகுப் பூட்டுகளை நான் மாட்டியிருந்தேன். அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சோதனையின் முடிவு உடனே வந்தது. சைதன்யா ஒளிபரப்பில் நிலையத்தின் சின்னத்தைப் போட்டார். போட்டுவிட்டு வேனிலிருந்து குதித்தார். குதிக்கும்போது என்னைப் பார்த்து, "ஐயா, பேசுங்க! எதையாச்சும் பேசிட்டே இருங்க!" என்று கத்தினார். ஆறு மாதங்களுக்குப் பிறகு ஒளிபரப்புக்கான ஒலிவாங்கி என் எதிரே இருந்தது. திரையில் ஓர் அசையாத சின்னம். மூன்று மாவட்டங்களுக்கும் பார்க்க ஒன்றுமில்லை.

பேசினேன். நான்கு நிமிடம், இருபது நொடி. கையில் குறிப்பில்லை. 'கேமராவில் சிறு தடை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் காவிரிக்குள் போனேன். குடகில் ஊற்றாகத் தொடங்கி, மேட்டூரில் அடங்கி, பவானியில் கூடி, அங்கிருந்து இறங்கி வரும் வழியை எல்லாம் சொன்னேன். என் கை நடுங்கியிருக்கும், யாரும் பார்க்கவில்லை. அன்று பேசியதைப்போல் நான் முன்னர்ப் பேசியதில்லை. அதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. சூலூர் ராமாமணி அம்மையார் அழுதாராம். இதுவரை இருநூறு பேருக்கு மேல் நிலையத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் என் காதைப் பற்றி எழுதவில்லை.

மொட்டை மாடிக் கேமரா ஒளிபரப்பில் இல்லை. ஆனால் என் எதிரே அதன் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரையில் நின்றவர்களுக்குப் பூவும் முளைப்பாரியும் கூட்டமும் மறைத்தன. கரையில் காவலுக்கு நின்ற பரிசல்காரர்கள் இருவரும், எல்லோரும் நினைப்பதுபோல, ஆறு ஓடும் திசையில் தேடிப் போனார்கள். உயரத்திலிருந்து பார்த்த எனக்கு மட்டும் அவர் தெரிந்தார். சுழல் அவரை எதிர்ப்புறமாக இழுத்து, தடுப்புச் சுவரின் ஓரத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது. படித்துறையிலிருந்து பத்தடி இராது. ஒரு கை இரண்டு முறை மேலே வந்தது. இரண்டாம் முறை விரல்கள் விரிந்திருந்தன. ஐந்தையும் எண்ண முடிந்தது.

அவரை எடுத்தபோது பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

நாற்பதாம் நாள் ஓதுவதற்கு என்னையும் அழைத்தார்கள், போயிருந்தேன். நஃபீசா தலையை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்து என்னிடம் நன்றி சொன்னார். "அவுங்க காதுல மாட்டியிருந்ததுல நீங்க பேசுனது கேட்டிருக்குமுன்னு சொன்னாங்க ஐயா. கடைசியா உங்க கொரலக் கேட்டுட்டுத்தான் போயிருக்கறாங்க. அந்த மட்டுக்கும் அவுங்க தனியாப் போகலீங்க" என்றார். தேநீர் கொடுத்தார். குடித்தேன். நிலையத்தில் 'சொல்வளம்' மறுபடி தொடங்குவதாக அந்த வாரமே முடிவாகியிருந்தது. கேமராவைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று சைதன்யாவே சொன்னார்.

எல்லாம் இனிதே முடிந்திருக்கும். ஆனால் புதிய நிலையத்தில் ஒரு வசதி இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய நிலையத்தில் ஒளிபரப்பானதே நிலைக்காது. புதியதில் எல்லாமே பதிவாகிறது: மாடிக் கேமராவின் படம், மீரானின் காதுக்கு நான் சொன்னது, என் காதுக்கு மற்றவர்கள் சொன்னது, ஒவ்வொன்றும் தனித்தனியாக. நஸ்ரியா தன் அத்தா கடைசியாக எடுத்த படம் வேண்டும் என்று போய்க் கேட்டிருக்கிறாள். சைதன்யா இரக்கப்பட்டு மொத்தத்தையும் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் உட்கார்ந்து படிகளை எண்ணியிருக்கிறாள். இரண்டு மதிப்பெண்ணை எங்கே விட்டாள் என்று அன்று கேட்டேனே. இப்போது எதையும் விடவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் அவளுடைய புகார் மனுவை வாசித்தேன். மூன்று பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. பெருமையாக இருந்தது.

நேற்று அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். ஆறாம் படியில் நான் 'நில்' என்று சொல்லவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. அவர் ஆறில் தாமாகவே ஒரு கணம் நின்றார். குதிகால் ஈரத்தை உணர்ந்திருக்க வேண்டும். "இன்னும் இருக்குதுங்களா ஐயா?" என்று கேட்டார். பதிவில் அடுத்து வருவது என் குரல். நடுக்கமில்லாத, ஒவ்வோர் எழுத்தும் ஒலிக்கும் குரல்.

"ஏழு."

நாகூர் மீரானைக் கொன்றவன் நான். எழுத்தர் எழுதும்போது 'மரணத்துக்குக் காரணமாக இருந்தவர்' என்று சுற்றி வளைக்க வேண்டாம். நேரடியான வினைச்சொல் இருக்கும்போது அதையே பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக நீங்கள் கேட்ட ஒரு கேள்வி மீதமிருக்கிறது. நான் பேசிக்கொண்டிருந்த அந்த நான்கு நிமிடத்தில், சைதன்யா கரையிலிருந்து என் காதுக்கு மூன்று முறை கேட்டது பதிவில் இருக்கிறது. "ஐயா, மாடிப் படத்துல தெரியுதுங்களா? எங்கீங்க? அக்கட்டாலீங்களா, இக்கட்டாலீங்களா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா!" மூன்றாம் முறைக்குப் பின்னர் நான் காதொலிப்பானைக் கழற்றி மேசைமேல் வைக்கும் ஓசையும் இருக்கிறது. "கேட்டுச்சுங்களா, இல்லீங்களா?" என்றீர்கள். யோசித்து எழுதுகிறேன் என்றேன்.

கேட்டது. மூன்று முறையும் தெளிவாகக் கேட்டது. ஆனால் அதுவரை தெற்கு நோக்கி வந்த காவிரி, கொடுமுடியில் எந்தத் திசையில் திரும்புகிறது என்று நான் மூன்று மாவட்டங்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்கியம் இன்னும் முடியவில்லை.